தூரமும் பொறுப்பும்: வேட்டைத் தோட்டாத் தெரிவு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு கருவியைத் தெரிவுசெய்யும் செயல் பெரும்பாலும் அறவியலின் எல்லைக்கு வெளியே நிற்பதாகவே கொள்ளப்படுகின்றது. கத்தியின் கூர்மை கொல்லனுக்குரிய விடயம். அக்கத்தி எதன்மீது பாய்கின்றது என்பதே அறநூலாருக்குரிய விடயம் என்பது வழக்கமான பிரிவினை. பெரும்பாலான கருவிகளைப் பொறுத்தவரை இப்பிரிவினையாற் பெருங்கேடு எதுவும் விளைவதில்லை. ஆயினும், தெரிவுசெய்யப்படும்பொழுதே தாம் பயன்படவிருக்கும் சூழ்நிலையையும் உடன் தீர்மானித்துவிடும் கருவிகள் சில உள. அத்தகையதொன்றைக் கடையில் வாங்குபவன், தனக்கும் தான் கொல்லவிருக்கும் உயிருக்கும் இடையிலான தூரத்தையும் சேர்த்தே வாங்குகின்றான். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மான் வேட்டைக்குச் செல்வோர் நெடுந்தூர றைபிளுக்குரிய தோட்டாவைத் தெரிவுசெய்யும் முறை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றிய இலக்கிய மரபிலே வளர்ந்த வாசகர், கொலைக்கு எக்கருவி சிறந்தது என்ற வினாவே அறத்துக்குப் புறம்பானது என்று கூறி இவ்வுரையாடலைத் தொடக்கத்திலேயே முடித்துவிட முற்படலாம். அவ்வாதம் வலிமையானது, இகழ்தற்குரியதன்று. எனினும் அது எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. வேட்டை தவறென்று கொள்பவரும், நெஞ்சில் அடிபட்டுச் சில கணங்களில் வீழும் மானுக்கும், தாடை சிதைந்து உணவுண்ண இயலாது நாட்கணக்காய்க் கிடந்து மடியும் மானுக்கும் இடையே வேறுபாடு இல்லையென்று கூறமாட்டார். விலங்குகளைப் பொறுத்தவரை அவற்றாற் சிந்திக்க இயலுமா, பேச இயலுமா என்பனவல்ல, துன்புற இயலுமா என்பதே வினா என்று பெந்தாம் 1789 இல் வெளியிட்ட நூலிலே சுட்டினார். அவ்வினாவை ஏற்போர், வேட்டையை ஏற்பினும் மறுப்பினும், தோட்டாத் தெரிவைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டியவராவர். அமெரிக்காவில் 1937 ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி நீள்துப்பாக்கிகள்மீதும் தோட்டாக்கள்மீதும் விதிக்கப்படும் 11 வீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கென மாநிலங்களுக்குப் பகிரப்படுகின்றது. கொல்பவனது பணத்தைக் கொண்டு காடு காக்கப்படும் இம்முரண் தனியே ஒரு கட்டுரைக்குரியது. ஈண்டு அது விரிவாக ஆராயப்படவில்லை.

தோட்டா என்பது கோது, எரியூட்டி, வெடிமருந்து, சன்னம் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு தொகுதி. கோதின் பருமன் எவ்வளவு மருந்து கொள்ளும் என்பதையும், குழலின் உள்விட்டம் எத்துணைப் பருமனான சன்னம் செல்லும் என்பதையும் வரையறுக்கின்றன. புகையற்ற மருந்து வழக்கிற்கு வந்த காலத்தில், 1895 இல், வின்செஸ்ரர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த 30-30 என்னும் தோட்டா 150 அல்லது 200 யார் தூரத்துக்குள் மான் வீழ்த்தப் போதுமானதாயிருந்தது. அக்காலத்துக் காட்டு வேடன் அதற்கப்பால் எதையும் நாடவுமில்லை. 1906 இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட 30-06, 1925 இல் வெளிவந்த 270 வின்செஸ்ரர், 1962 இல் வெளிவந்த 7 மில்லிமீற்றர் றெமிங்ரன் மக்னம் என்பன இத்தூரத்தைப் படிப்படியாக நீட்டின. இவற்றின் வரலாற்றினை நோக்குமிடத்து ஒரே நோக்கமே புலப்படும்: கூடிய மருந்து, கூடிய வேகம், அதனால் தட்டையான பாதை.

இந்நூற்றாண்டில் அந்நோக்கு மாறியது. சன்னம் குழலை விட்டுப் புறப்படும் வேகத்தைக் காட்டிலும், அவ்வேகத்தை அது வளியிலே எவ்வளவு தூரம் இழக்காது காக்கும் என்பதே முதன்மை பெற்றது. நீண்டு மெலிந்து நுனி கூர்ந்த சன்னம் வளித்தடையை எளிதில் வெல்லும். ஆனால் நீண்ட சன்னம் தடுமாறாது பறக்கவேண்டுமாயின் அது விரைந்து சுழலவேண்டும். அதற்குக் குழலின் உட்புரிகள் நெருக்கமாக அமையவேண்டும். பழைய 7 மில்லிமீற்றர் மக்னம் றைபிள்களிலே 9 அல்லது 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைந்திருந்த புரி, 2022 இல் ஹோர்னடி நிறுவனம் வெளியிட்ட 7 மில்லிமீற்றர் பி.ஆர்.சி. தோட்டாவுக்கென 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாயிற்று. இம்மாற்றத்தைப் பொதுமக்களிடையே பரப்பிய தோட்டா அதே நிறுவனம் 2007 இல் வெளியிட்ட 6.5 கிறீட்மூர் ஆகும்.

கிறீட்மூர் என்ற பெயரிலேயே இக்கட்டுரையின் பிரச்சினை பொதிந்துள்ளது எனலாம். நியூயோர்க் மாநிலத்தின் லோங் தீவிலிருந்த ஒரு சுடுகளத்தின் பெயர் அது. 1874 இல் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் அங்கே 800, 900, 1000 யார் தூரங்களிற் போட்டியிட்டன. அப்பெயரைத் தாங்கிய தோட்டாவும் இலக்குச் சுடும் போட்டிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. குறைந்த பின்னுதைப்பு, ஒரேசீரான குறி, காற்றாற் குறைவாகத் திசைமாறும் சன்னம் ஆகியன போட்டியாளனுக்கு வேண்டிய பண்புகள். அவை அனைத்தும் அதில் அமைந்தன. சில ஆண்டுகளுள் அது களத்தை விட்டு மலைக்குச் சென்றது. வேட்டைக்கென விரியும் சன்னங்கள் அதிற் பொருத்தப்பட்டன. போட்டிக் களத்தின் தொலைநோக்கி, தூரமளக்கும் லேசர்க் கருவி, சன்னத்தின் பாதையைக் கணிக்கும் சிறு கணினி ஆகியனவும் உடன்சென்றன. இவற்றோடு போட்டிக் களத்தின் மனப்பாங்கும் மலையேறியதா என்பதே வினா. கடுதாசி இலக்கில் ஒரு சாண் தவறின் ஒரு புள்ளி குறையும். மறுவாரம் அதனை ஈட்டிக்கொள்ளலாம். வயிற்றில் அடிபட்ட மானைப் பொறுத்தவரை மறுவாரம் என்பது இல்லை.

சில எண்களை நோக்குதல் இங்கு பயனுடைத்து. 6.5 கிறீட்மூர் தோட்டாவிற் பரவலாக வழங்கும் 143 கிறெயின் வேட்டைச் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 2700 அடி வேகத்தில், அதாவது 823 மீற்றர் வேகத்தில், குழலை விட்டு நீங்கும். 200 யார் தூரத்துக்குக் குறி சரிசெய்யப்பட்ட றைபிளிலிருந்து 500 யார் தூரத்துக்குச் செல்லும்பொழுது அது பார்வைக் கோட்டிலிருந்து ஒரு மீற்றருக்குச் சற்று மேலாகவே தாழ்ந்துவிடும். இத்தாழ்வு கேட்பதற்கு அச்சுறுத்துவதாயினும் உண்மையில் அதுவே மிக எளிதிற் தீர்க்கப்படும் பிரச்சினை. புவியீர்ப்பு மாறாதது, தூரம் லேசராற் சரியாக அளக்கப்பட்டால் தொலைநோக்கியின் திருகை உரிய அளவு திருப்பினால் முடிந்தது. காற்று அத்தகையதன்று. மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்திற் குறுக்கே வீசும் காற்று, மேற்கூறிய சன்னத்தை 200 யார் தூரத்தில் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றரே நகர்த்தும். 500 யார் தூரத்திலோ 38 சென்ரிமீற்றருக்கு அண்மையாக நகர்த்தும். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி, பக்கவாட்டில் நோக்கும்பொழுது, 20 முதல் 25 சென்ரிமீற்றர் விட்டமுடைய ஒரு வட்டத்தினுள் அடங்கும். எனவே நடுவிலே குறி வைத்தவன் காற்றின் வேகத்தைப் பாதியளவு தவறாக மதிப்பிட்டாற்கூட, சன்னம் அவ்வட்டத்துக்கு வெளியே, ஆனால் மானின் உடலுக்குள்ளேயே, பாயும். முற்றாகத் தவறும் குறி எவருக்கும் தீங்கிழைப்பதில்லை. மான் சாகாது, தப்பவும் செய்யாது இடைப்பட்டு நிற்கும் குறியே அஞ்சத்தக்கது.

காற்றை மதிப்பிடுதல் மேசையிலிருந்து செய்யத்தக்கதொரு கணக்கன்று. வேடன் தன் கன்னத்தில் உணரும் காற்று அவன் இருக்கும் முகட்டின் காற்று மட்டுமே. நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் அது மேலெழலாம். மறுசரிவில் எதிர்த்திசையில் வீசலாம். புல் அசைவது கொண்டும் வெப்பக் கானல் சாயும் திசை கொண்டும் அதனை உய்த்துணர்வோர் உளர். அவர்கள் ஆண்டுக்கணக்கிற் பயின்றவர்கள். கருவியெதுவும் அவ்விடைவெளி முழுவதன் காற்றையும் அவனுக்கு அளந்து கூறுவதில்லை.

இந்நிலையிலேயே மேலான தோட்டாவை வாங்குவது தீர்வாக முன்வைக்கப்படுகின்றது. 7 மில்லிமீற்றர் பி.ஆர்.சி. 175 கிறெயின் சன்னத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 3000 அடி வேகத்திற் செலுத்தும். அதே 500 யார் தூரத்தில், அதே காற்றில், அது ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர் நகரும். கிறீட்மூருக்கும் அதற்குமுள்ள வேறுபாடு ஏழு சென்ரிமீற்றர் அளவினதே. அதற்கு ஈடாக ஒரே நிறையுடைய றைபிளிற் பின்னுதைப்பு ஏறத்தாழ இருமடங்காகின்றது. தோளில் இடிவிழும் என்று அஞ்சும் உடல், விசை அழுத்தப்படும் கணத்திற் தன்னையறியாது சுருங்கும். அச்சுருக்கம் குறியைத் தவறச்செய்யும். இவ்வச்சத்தை ஒப்புக்கொள்வதற்கு வேடர் பலரும் நாணுவர் என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். ஏழு சென்ரிமீற்றரைக் காற்றிடமிருந்து மீட்டவன் அதனிலும் கூடுதலாகத் தன் தோளிடம் இழத்தல் கூடும். எனவே தோட்டாத் தெரிவில் நேர்மை என்பது பௌதிக அட்டவணையிலன்றித் தன்னைப்பற்றிய ஓர் ஒப்புதலிலேயே தொடங்குகின்றது.

ஆயின் அவ்வேழு சென்ரிமீற்றர் உண்மையான நன்மையே என்று கொள்வோம். அது யாருக்குச் சேரவேண்டும்? முன்னர் 300 யார் தூரத்தில் மான் வீழ்த்தியவன் மேலான தோட்டாவைக் கொண்டும் 300 யார் தூரத்திலேயே சுடுவானாயின், அந்நன்மை முழுதும் மானைச் சேர்கின்றது. அதன் சாவு முன்னிலும் உறுதியாகவும் விரைவாகவும் அமையும். அவனே அத்தோட்டாவின் துணைகொண்டு 500 யார் தூரத்துக்குப் பின்வாங்குவானாயின், அந்நன்மையைத் தானே எடுத்துக்கொள்கின்றான். மானுக்கு முன்னிருந்த ஐயப்பாடு மாறாது எஞ்சுகின்றது, சிலபோது மிகுகின்றது. நெடுந்தூரத் தோட்டாக்களின் வரலாறு பெரும்பாலும் இரண்டாம் வழியையே பின்பற்றியுள்ளது. ஒவ்வொரு தலைமுறைக் கருவியும் முந்திய தலைமுறை அஞ்சிய தூரத்தை இயல்பான தூரமாக்கியது; புதியதோர் அச்சத்தின் எல்லை அப்பாற் பிறந்தது. விளம்பரங்களில் தூரமே பேசப்படுகின்றது. இதே தோட்டாவைக் கொண்டு இன்னும் நூறு யார் கிட்ட நெருங்குங்கள் என்று எந்த வணிகனும் கூறுவதில்லை. அவனிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

நெடுந்தூர வேட்டையை ஆதரிப்போரின் வாதங்களை எளிதிற் தள்ளிவிட முடியாது. அவருள் நேர்மையாளர் கூறுவது இதுவாகும்: கோடைகாலம் முழுவதும் இரும்புத் தகடுகளில் நூற்றுக்கணக்கான வேட்டுக்களைத் தீர்த்துத் தன் எல்லையை எண்ணளவில் அறிந்தவன் 500 யார் தூரத்தில் எடுக்கும் குறி, ஆண்டுக்கொருமுறை றைபிளைத் தூசி தட்டி எடுப்பவன் 150 யார் தூரத்தில் ஓடும் மான்மீது எடுக்கும் குறியிலும் இரக்கமுடையது. வில்லேந்திய வேடன் முப்பது யார் தூரத்துக்குத் தவழ்ந்து சென்றும் மானைக் காயப்படுத்தித் தவறவிடுகின்றான். அவனை உலகம் உத்தமனென்று போற்றுகின்றது. மானுக்கு வேண்டியது விரைந்த சாவே. வேடன் எவ்வளவு வியர்த்தான் என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. இவ்வாதத்தின் முதற்பகுதி முற்றிலும் ஏற்கத்தக்கது. தூரம் தன்னளவிற் குற்றமன்று. குற்றம் இருக்குமாயின் அது உறுதிக்கும் துணிவுக்கும் இடையிலான வேறுபாட்டிலேயே இருத்தல் வேண்டும்.

எனினும், எத்துணைப் பயிற்சியாலும் அகற்றவியலாத ஒன்று தூரத்திலே உண்டு. 500 யார் தூரத்தைக் கடக்கக் கிறீட்மூர்ச் சன்னத்துக்கு ஏறத்தாழ 0.64 செக்கன் தேவை. விசை அழுத்தப்பட்டபின் மான் ஒரு காலடி முன்வைப்பின், குறி தவறாத சன்னம் நெஞ்சுக்குப் பதிலாகக் குடலிலே பாயும். அக்காலடியை வைக்கும் உரிமை மானுடையது. அதனை முன்னறியும் கலை எவருக்கும் வாய்த்ததில்லை. இரும்புத் தகடு நகர்வதில்லை என்பதனால், களத்திற் பெற்ற உறுதியை மலைக்கு அப்படியே கொண்டுசெல்ல இயலாது. நூற்றுக்குத் தொண்ணூறு முறை தகட்டைத் தாக்குபவன் மலையில் அதனிலும் தாழ்ந்த உறுதியையே உடையவன். எஞ்சிய பத்து முறைக்கு உரிய விலையைச் செலுத்துபவன் அவனல்லன் என்பதும் நினைவுகூரற்பாலது.

வேடனின் வியர்வை மானுக்குப் பொருட்டன்று என்ற பிற்பகுதி வேறொரு மரபோடு மோதுகின்றது. தியடோர் றூஸ்வெல்ற்றும் அவரது நண்பர்களும் 1887 இல் தாபித்த பூன் அன்ட் குறொக்கெற் கழகம், நேரிய துரத்தல் என்ற கருத்தை அமெரிக்க வேட்டையின் அடிப்படை அறமாக வளர்த்தது. கட்டற்றுத் திரியும் விலங்கு தப்புதற்குரிய வாய்ப்பை இழக்கும்வண்ணம் வேடன் முறையற்ற அனுகூலம் பெறலாகாது என்பதே அதன் சாரம். நெடுந்தூரச் சூடு பற்றி அக்கழகம் வெளியிட்ட நிலைப்பாட்டில் இத்தனை யார் என்று எல்லை எதுவும் விதிக்கப்படவில்லை; நோக்கமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. உயிருள்ள இலக்கை எவ்வளவு தூரத்திற் தாக்கலாம் என்று கருவியைச் சோதிப்பதே ஒருவனது நோக்கமாயின் அது வேட்டையெனும் பெயருக்கு உரியதன்று என்பது அதன் கருத்து. ஸ்பானிய மெய்யியலாளர் ஓர்தெகா இ கஸெற்றும் வேட்டை பற்றிய தமது தியானத்திலே இதற்கு அண்மையான முடிவுக்கு வந்தார். மனிதன் தன் அறிவின் ஆற்றல் முழுவதையும் பயன்படுத்துவானாயின் விலங்குக்கு இடமே இராது. ஆகவே வேட்டை நிலைத்திருப்பதற்கு மனிதன் தன் ஆற்றலைத் தானே கட்டுப்படுத்தவேண்டியுள்ளது என அவர் கருதினார்.

இவ்விரு கடமைகளும் பெரும்பாலும் ஒன்றெனக் கலந்து பேசப்படுவதனாலேயே இப்பொருள் பற்றிய விவாதங்கள் குழம்புகின்றன. வலியின்றிக் கொல்லவேண்டும் என்பது விலங்குக்குச் செய்யும் கடமை. தப்பும் வாய்ப்பை விட்டுவைக்கவேண்டும் என்பது பெரிதும் வேடன் தன்மீதும் தன் மரபின்மீதும் கொண்ட மதிப்பிலிருந்து எழுவது. முன்னையது உறுதியை வேண்டுகின்றது. பின்னையது நிச்சயமின்மையை வேண்டுகின்றது. ஆயினும் அந்நிச்சயமின்மை எந்தக் கட்டத்தில் அமையவேண்டும் என்று வினவின் முரண் பெரிதும் தளர்கின்றது. நெருங்கிச் செல்பவனுக்கு ஐயப்பாடு விசை அழுத்துமுன் நிகழ்கின்றது. சுள்ளி முறியலாம், காற்று மாறி மனித வாடை மானை எட்டலாம், மான் ஓடிவிடும், காயமின்றி ஓடிவிடும். தொலைவிலிருந்து சுடுபவனுக்கு ஐயப்பாடு விசை அழுத்தியபின் நிகழ்கின்றது. அதன் விளைவு மானின் உடலிலே எழுதப்படுகின்றது. ஒலி 500 யார் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 1.3 செக்கன் செல்லும். வெடியொலி வந்து எச்சரிக்குமுன் சன்னம் வந்துவிடுகின்றது. மானின் செவியும் மூக்கும் கால்களும் எவற்றுக்காக அமைந்தனவோ அவையனைத்தும் அத்தூரத்திற் பயனிழந்துவிடுகின்றன. தோல்வி ஏற்படின் வேடனே அதனை ஏற்கும்வண்ணம் அமைந்த வேட்டையும், தோல்வியை மானின்மீது சுமத்தும் வேட்டையும் அறத்தால் ஒன்றாகா.

மறைந்துநின்று எய்தல் தகுமா என்ற வினா தமிழறிந்தோர்க்குப் புதியதன்று. வாலி வதையைப் பற்றிய பட்டிமண்டபங்கள் இன்றுவரை ஓயவில்லை. வான்மீகத்தில் இராமன் கூறும் மறுமொழிகளுள் ஒன்று, மனிதர் விலங்குகளை வலையாலும் மறைவிலிருந்தும் கொல்லுதல் வழக்கம், அதிற் பிழையில்லை என்பதாகும். விலங்கு என்றவுடன் மறைவு குற்றமற்றதாகிவிடும் என்ற எடுகோள் அங்கே வெளிப்படையாகவே கூறப்படுகின்றது. கம்பனிலோ மறைந்து எய்ததற்கான மறுமொழி இலக்குவன் வாயில் வைக்கப்படுகின்றது. இராமனைக்கொண்டு அதைக் கூறுவிக்கக் கவிஞர் தயங்கினார் போலும். ஆயின் நெடுந்தூரத் தோட்டாவின் பிரச்சினைக்கு வாலியினும் தசரதன் கதையே அண்மையானது. ஒலி கேட்டு எய்யும் வித்தையில் வல்ல அரசன், குடத்தில் நீர் நிறையும் ஒலியை யானையின் ஒலியென மயங்கி எய்தான். அவனது கை பிழைக்கவில்லை. அம்பு குறித்த இடத்திலேயே தைத்தது. பிழைத்தது அவனுக்கும் இலக்குக்கும் இடையிலிருந்த இருளைப் பற்றிய மதிப்பீடு. திறமையே அவனை அவ்விருளிற் துணியச் செய்தது என்பதுதான் கதையின் கொடுமை.

வேட்டை நூல்களில் மானுக்கு 1000 அடி-இறாத்தல், எல்க் எனப்படும் பெருங்கலைமானுக்கு 1500 அடி-இறாத்தல் சக்தி வேண்டும் என்றொரு வாய்பாடு வழங்கிவருகின்றது. வாய்பாடுகளுக்குரிய வசதி அதற்கும் உண்டு. சிந்திக்கும் வேலையை அது மிச்சப்படுத்துகின்றது. கொல்வது சக்தியன்று, சன்னம் ஊடுருவிய இடமும் அது அங்கே விரிந்த விதமுமே. வேட்டைச் சன்னங்களுட் பல செக்கனுக்கு ஏறத்தாழ 1800 அடி வேகத்துக்குக் கீழே சென்றபின் தாக்குமாயின் செம்மையாக விரிவதில்லை. ஊசிபோற் துளைத்துச் சென்றுவிடும். கிறீட்மூர்ச் சன்னம் 700 யார் தூரத்தை எட்டுமுன்பே அவ்வெல்லைக்குத் தாழ்ந்துவிடுகின்றது. அதே தோட்டா 1000 யார் தூரத்துக் கடுதாசியை இலகுவிற் தாக்கும் என்பதனால் அதே தூரத்து மானுக்கும் அது தகும் என்று நினைப்பவன், துளைப்பதையும் கொல்வதையும் ஒன்றெனக் கொள்கின்றான்.

சன்னம் எதனாலானது என்ற தெரிவு வேடனையும் மானையும் தாண்டி மூன்றாமுயிர் ஒன்றையும் தொடுகின்றது. ஈயச் சன்னம் உடலினுள்ளே நுண்துகள்களாய்ச் சிதறும். வேடன் விட்டுச்செல்லும் குடலையும் கண்டுபிடிக்கப்படாத உடலையும் உண்ணும் பறவைகள் அந்நஞ்சை உண்கின்றன. கலிபோர்னியாக் கொண்டோர் என்னும் பெருங்கழுகு 1987 இல் 27 பறவைகளாகக் குறைந்து, எஞ்சியவை யாவும் கூட்டுக்குள் கொண்டுவந்து காக்கப்பட்டன. மீண்டும் வானில் விடப்பட்டவற்றின் சாவுக்கு ஈய நஞ்சே தலையாய காரணமாயிற்று. கலிபோர்னியா 2019 யூலை முதலாந் திகதியிலிருந்து வேட்டையில் ஈயச் சன்னத்தை முற்றாகத் தடைசெய்தது. டென்மார்க் 2024 ஏப்பிரலில் றைபிள் வேட்டைக்கும் அத்தடையை விரித்தது. ஈயத்துக்கு மாற்று செம்பு. ஈயத்தின் அடர்த்தி 11.3 ஆகச் செம்பின் அடர்த்தி 8.9 மட்டுமே, எனவே ஒரே நிறைக்குச் செம்புச் சன்னம் நீளமாகும், நெருங்கிய புரி வேண்டும். அது விரிவதற்குக் கூடிய வேகமும் தேவை. அதாவது கழுகின்பொருட்டுச் செம்பைத் தெரிவுசெய்பவன் தனது தூரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள நேர்கின்றது. தான் ஒருபோதும் காணாத பறவைக்காகத் தன் றைபிளின் எட்டத்தில் நூறு யாரை விட்டுக்கொடுக்கும் இத்தெரிவு, தோட்டாத் தெரிவுகளுள் அறத்தன்மை மிகத் தெளிவாக விளங்கும் ஒன்று எனலாம்.

சட்டம் இவ்விடயத்தில் ஓரளவே உதவும். ஐடஹோ மாநிலம் துணைக்கருவிகள் உட்பட 16 இறாத்தலுக்கு மேற்பட்ட துப்பாக்கியைப் பெருவிலங்கு வேட்டையில் அனுமதிப்பதில்லை; தோளிற் சுமந்து மலையேற இயலாத களத்துப் பீரங்கிகளை அவ்விதி விலக்குகின்றது. தூரத்தை மட்டுப்படுத்தும் விதி நடைமுறையில் இயலாதது. மனிதரற்ற சரிவில் ஒருவன் எத்தனை யார் தூரத்திற் சுட்டான் என்பதை யார் அளப்பார்? அல்டோ லெயோபோல்ட் இதனை முன்னரே கண்டவர். பிற விளையாட்டுக்களைப் போலன்றி வேடனைக் கைதட்டவோ கண்டிக்கவோ பார்வையாளர் கூட்டம் இல்லை. அவனது நடத்தையை அவனது மனச்சான்றே ஆளுகின்றது என்று அவர் சுட்டினார். பின்னர் அந்நிலை ஓரளவு மாறியதும் உண்மை. நெடுந்தூரத்தில் மான் வீழும் காட்சிகள் படமாக்கப்பட்டுப் பரப்பப்படுகின்றன. வந்துசேர்ந்த பார்வையாளர் வீழ்ந்த மானை மட்டுமே காண்கின்றனர். வீழாத மான்கள் படத்தில் இடம்பெறுவதில்லை.

அவ்வீழாத மான்களைப் பற்றிய ஒரு கடமை எஞ்சியுள்ளது. அக்கடமை தோட்டாவுடன் தொடர்பற்றதெனத் தோன்றினும் தூரம் கூடக்கூடக் கடினமாகின்றது. 150 யார் தூரத்திற் சுட்டவன் மான் நின்ற இடத்தைச் சில நிமிடங்களில் அடைவான். பள்ளத்தாக்கின் மறுகரையிலுள்ள மானைச் சுட்டவனோ முதலில் இறங்கவேண்டும், ஓடையைக் கடக்கவேண்டும், மீண்டும் ஏறவேண்டும். ஒரு மணிநேரம் செல்லலாம். முகட்டிலிருந்து பார்த்தபொழுது தெளிவாகத் தெரிந்த பாறையும் புதரும் கிட்டச் சென்றதும் வேறு நூறு பாறைகளுடனும் புதர்களுடனும் ஒன்றாகிவிடும். சூடு பட்டதும் மான் துள்ளாமல் மெல்ல நடந்து மறைந்திருக்குமாயின், தவறிவிட்டது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு முகட்டிலேயே இருந்துவிடுவது எளிது, பொழுதும் சாய்ந்துகொண்டிருக்கும். அனுபவமிக்க வேடர் சிலர், தம்மால் நடந்துசென்று தேடவியலாத சரிவில் நிற்கும் மானை, அது எத்துணைத் தெளிவாகத் தொலைநோக்கியிற் தெரியினும், சுடுவதில்லை என்ற விதியைத் தமக்கு வகுத்துக்கொண்டுள்ளனர். றைபிளைத் தோளிலிட்டு அவர்கள் பள்ளத்தாக்கினுள் இறங்குகின்றனர். பெரும்பாலும் மறுகரையை அடையுமுன் மான் சென்றுவிடுகின்றது.